ஜெரஜாக் தீவும் அதன் எதிர்க்கரையும்

ஜார்ஜ் டவுனிலிருந்து பினாங்குத் தீவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே பாயான் லெப்பாஸ் நோக்கிப் பிரயாணம் செய்கிறவர்கள், 1985இல் திறக்கப்பட்ட பெரிய பாலத்தைத் தாண்டிய சிறிது நேரத்தில், இடப்புறத்துக் கடலில் கரைக்கு மிக அண்மையில் காடு மூடிய மலைத்தீவு ஒன்றைக் காண்பார்கள். ஜெரஜாக் என்பது அதன் பெயர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, வங்கக் கடலைக் கடந்து, தோட்டங்களிலும் துறைமுகத்திலும் ரயில் பாதைகளிலும் வேலை செய்ய வந்த நம் முன்னோரில் எண்ணற்றோர், பினாங்கு மண்ணை மிதிக்கும் முன் அந்தத் தீவின் மணலைத்தான் முதலில் மிதித்தார்கள். அவர்கள் உடம்பில் தொற்றுநோய் எதுவும் குடியிருக்கவில்லை என்று சர்க்கார் வைத்தியர் திருப்தி அடைந்த பின்னரே அக்கரை அவர்களுக்குத் திறந்தது. அத்தீவுக்கு நேர் எதிரே, முன்பு வயல்வெளியாக இருந்த நிலப்பரப்பில், 1972 முதல் கணிப்பொறிச் சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் ஆலைகள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. மனித உடம்பைப் பற்றும் வைரஸை அஞ்சி ஒரு கரையில் காவல் வைத்தார்கள். அதே பெயரில் பின்னாளில் நோய்ப்படப் போகும் இயந்திரங்களின் உறுப்புகளை மறு கரையில் செய்தார்கள். நடுவே இருப்பது ஒரு குறுகிய கடற்கால்வாய். இரு கரைகளின் சரித்திரத்தையும் சேர்த்துப் படிக்கும்போது ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகப் படுகிறது: தொற்றுவது இன்னதென்று அறியாத காலம் முழுவதும் மனிதர் மனிதரையே அஞ்சி விலக்கினார்கள், அது நுழையும் வழி புலப்பட்ட பிறகுதான் மனிதரை விட்டு வழியின்மேல் கண் வைக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கல்வி இத்தீவில் எப்படி நடந்தது என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

வைரஸ் என்பது லத்தீன் மொழியில் விஷத்தைக் குறித்த பழஞ்சொல். அந்த ஆதிப் பொருளுக்குங்கூட இவ்வட்டாரத்தில் சாட்சி உண்டு. 1850இல் சீனர் எழுப்பிய பாம்புக் கோயில், விரியன்கள் பலிபீடத்திலும் மரக்கிளைகளிலும் சுருண்டு கிடக்க, தொழிற்பேட்டைக்கு அருகிலேயே இன்றும் பூஜை நடைபெறும் ஸ்தலமாக விளங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் இங்கிலாந்தின் எட்வர்ட் ஜென்னர் பசுவம்மையைப் பற்றி 1798இல் தாம் வெளியிட்ட நூலில், கொப்புளத்தில் ஊறும் நீரை வைரஸ் என்ற சொல்லாலேயே சுட்டினார்; அதற்குள் என்ன இருக்கிறது என்பதை அவரும் அறியார், அவர் காலத்தில் வேறெவரும் அறியார். பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டரின் உதவியாளரான ஷாம்பர்லான் 1884இல் பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் பீங்கான் வடிகட்டியைச் செய்தார். ரஷ்யாவின் இவானோவ்ஸ்கி 1892இல் நோயுற்ற புகையிலைச் செடியின் சாற்றை அவ்வடிகட்டியில் ஊற்றி, வடிந்த தெளிநீரும் நல்ல செடியை நோயாக்கக் கண்டார். ஹாலந்தின் பெயரிங்க் 1898இல் அதே பரீட்சையைச் செய்து, பாக்டீரியாவினும் நுண்ணிய, உயிருள்ள இலையில் மட்டுமே பெருகுகிற ஏதோ ஒன்று அந்நீரில் உள்ளதென்று துணிந்து, அதற்கு வைரஸ் என்று பெயரிட்டார். 1935இல் அமெரிக்காவின் ஸ்டான்லி அதனை உப்பைப் போலப் படிகமாக்கிக் காட்டியபோது, படிகமாகி உறையக் கூடிய பொருள் நோயாகிப் பெருகுவது எவ்வாறு என்று விஞ்ஞான உலகமே திகைத்தது. வைரஸ் தானாக உண்பதுமில்லை, மூச்சு விடுவதுமில்லை. ஓர் உயிரணுவுக்குள் புகுந்து, அந்த உயிரணு தன் பொருட்டு நடத்துகிற வேலைகளையெல்லாம் தன் பிரதிகளைச் செய்வதற்குத் திருப்பிவிடுவதே அதன் வாழ்க்கை முழுவதும். இந்த ஒரு குணத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னே வரப்போகும் கணிப்பொறிக் கதை விளங்கும்.

பினாங்குக்கு வந்த பழைய வைரஸ்களில் ஒன்று பெரியம்மை. வைசூரி என்று நம் பாட்டிமார் குரலைத் தாழ்த்திச் சொன்ன அந்நோய், உடம்பில் நுழைந்த பின் ஏறத்தாழ பன்னிரண்டு நாள் ஒரு குறியும் காட்டாமல் மறைந்திருந்து, அதன் பிறகே காய்ச்சலாகவும் கொப்புளமாகவும் வெளிப்படுவது. பாய்மரக் கப்பல்களின் காலத்தில் கடற்பிரயாணம் வாரக்கணக்கில் நீண்டதால், நாகப்பட்டினத்தில் நோயை உள்வாங்கியவன் நடுக்கடலிலேயே படுத்துவிடுவான்; கப்பல் துறைமுகத்தை அணுகும்போது அதன் நிலைமை எவருக்கும் மறைவாக இராது. நீராவிக் கப்பல் வந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் பினாங்கை அடையலாம் என்றானதும் கணக்கு மாறிவிட்டது. ஆரோக்கியமாகப் படியேறியவன் ஆரோக்கியமாகவே படியிறங்கி, கங்காணியின் பின்னால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து, லயத்தில் பத்துக் குடும்பங்களோடு ஒரே கூரையின் கீழ்த் தங்கிய பிறகு நோயில் விழுவான். பிரயாணத்தின் வேகம் நோயின் மறைவுக் காலத்தை முந்திவிட்ட இந்த விபரீதமே, ஜெரஜாக்கில் ஒரு தொற்றுத்தடை நிலையத்தை இன்றியமையாததாக்கியது என்பது என் துணிபு. 1870களில் அங்கே நிலையம் ஏற்பட்டது. சிங்கப்பூருக்கு அருகேயுள்ள செயின்ட் ஜான்ஸ் தீவில் அமைந்த நிலையமும் அதே பத்தாண்டைச் சேர்ந்தது. ஜெரஜாக்கில் தொழுநோயாளர்க்கென ஒரு குடியிருப்பும் அதற்கு முன்பே தோன்றியிருந்தது.

அந்நிலையத்தின் நடைமுறையை எண்ணிப் பார்க்கையில் மனம் வருந்துகிறது. தொற்றுநோய்ச் சந்தேகமுள்ள கப்பல் மஞ்சள் கொடி ஏற்றித் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சுகாதார அதிகாரி படகில் வந்து ஏறுவார். மேல்தளத்து அறைகளில் வந்த துரைமாரும் தனவந்தரும் சிறிது விசாரணையோடு கரை சேர்ந்துவிடுவது வழக்கம். தளப் பிரயாணிகள் என்று பெயர் பெற்று, திறந்த கப்பல்தளத்தில் பாய் விரித்து, சமைத்து, வாந்தியெடுத்து, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு வந்த ஏழை ஜனங்களே தீவுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கே அவர்களுடைய துணி மூட்டைகள் பிரிக்கப்பட்டு நீராவியில் வேகவைக்கப்பட்டன. ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே நல்ல புடவை சாயம் கலங்கித் திரும்பி வந்தபோது அப்பெண்மணிக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதை எந்தச் சர்க்கார் அறிக்கையும் எழுதி வைக்கவில்லை. வைரஸுக்கு மேல்தளம் கீழ்த்தளம் என்ற பேதம் கிடையாது. ஆயினும் அது கண்ணுக்குப் புலப்படாத வஸ்துவாக இருந்தபடியால், கண்ணுக்குப் புலப்பட்ட ஏழ்மையின்மேல் சந்தேகம் முழுவதும் இறங்கிற்று. காவல் தேவையாக இருந்ததை நான் மறுக்கவில்லை. பல உயிர்களை அது காத்தது. அதன் பாரத்தை ஒரே சாரார் சுமந்தார்கள் என்பதையும் அதனோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இதற்கு முற்றிலும் மாறான ஒரு பார்வையைத் தமிழர் தம்மோடு கொண்டுவந்திருந்தார்கள். ஜார்ஜ் டவுனின் குயின் ஸ்திரீட்டில் 1833 முதல் விளங்கிவரும் அருள்மிகு மகா மாரியம்மன் ஆலயம், இத்தீவின் மிகப் பழைய இந்துக் கோயில். மாரி என்றால் மழை. மாரியே அம்மையின் அதிதேவதையுமாவாள். வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டுவிட்டால் நோய் வந்ததென்று எவரும் சொல்லமாட்டார்கள். தாய் வந்திருக்கிறாள் என்பார்கள். கொப்புளங்களுக்கு முத்து என்று பெயர். வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பதை நிறுத்தி, வெளியார் வருகையைத் தவிர்த்து, நோயாளியை வேப்பிலைப் படுக்கையில் கிடத்தி, இளநீரும் மோரும் கூழும் கொடுத்து, முத்து இறங்கிய பின் ஒற்றைப்படை நாளில் மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றும் வரையில், அந்த வீடே ஒரு சந்நிதியைப் போல நடத்தப்பட்டது. இவ்வழக்கத்தால் நோய் நின்றதென்று நான் சொல்லமாட்டேன். கூடவே படுத்து உறங்கிய குழந்தைக்கு அது பரவத்தான் செய்தது. அம்மை குத்திக்கொள்வது தாயை அவமதிப்பதாகும் என்று அஞ்சி, தடுப்பு முறையை மறுத்து மாண்டவர்களும் உண்டு. எனினும் நோயுற்றவனைக் குற்றவாளியாகப் பாராமல், அவனிடத்தில் தெய்வம் தங்கியிருப்பதாகக் கருதி உபசரித்த அந்த மனப்பான்மை, ஜெரஜாக்கின் முள்வேலிக்குத் தெரியாத ஓர் உண்மையை அறிந்திருந்தது. நோயாளியிடத்திலிருந்து நோயைப் பிரித்துக் காண அது தன் வழியில் முயன்றது.

அம்மை குத்தும் முறை மெல்ல மெல்ல வென்றது. இந்தியாவில் 1802இல் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் கையில் முதன்முதலாகப் பலித்த பசுவம்மைப்பால், ஒரு குழந்தையின் கையிலிருந்து இன்னொரு குழந்தையின் கைக்கு மாற்றப்பட்டே தேசமெங்கும் பரவியது. பின்னாளில் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த கூலியாள் முகாம்களில், கப்பலேறும் முன்பே குத்தி அனுப்பும் வழக்கமும் நிலைபெற்றது. பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததென்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 1980 மே மாதத்தில் அறிவித்தது. மனித வர்க்கம் திட்டமிட்டுப் பூண்டோடு அழித்த முதல் மனிதநோய் அதுவே. ஜெரஜாக் அதற்கு முன்பே வேறு கோலம் பூண்டுவிட்டது; இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் காசநோயாளர் அங்கே தங்கினர், 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையாக இருந்தது, பிறகு உல்லாச விடுதியும் எழுந்தது.

பினாங்கில் 1879இல் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் பயின்று, கேம்பிரிட்ஜில் வைத்தியம் கற்ற டாக்டர் வூ லியென் தே அவர்களை இவ்விடத்தில் நினையாமல் செல்ல முடியாது. 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவின் ஹார்பினில் கொள்ளைநோய் பரவியபோது, அது எலித் தெள்ளுப்பூச்சியால் மட்டும் வருவதன்று, மூச்சுக் காற்றாலும் மனிதனிலிருந்து மனிதனுக்குத் தாவுகிறது என்று கண்டுகொண்டு, பஞ்சும் மெல்லிய துணியும் அடுக்கிய முகமூடியை மருத்துவர்களும் ஊழியர்களும் அணியச் செய்தவர் அவர். கொள்ளைநோயை விளைப்பது பாக்டீரியா, வைரஸ் அன்று. ஆனாலும் நோய் எந்த வாயில் வழியாக நுழைகிறதென்று அறிந்து, அவ்வாயிலை அடைத்த அவருடைய நியாயம், 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கோவிட் நோயால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு பிறந்த பின்னர், அவர் பிறந்த ஊரிலேயே ஒவ்வொருவர் முகத்திலும் பயனுக்கு வந்தது. அவர் காலமானதும் இதே பினாங்கில்தான், 1960இல்.

இனி டெங்குவைச் சொல்ல வேண்டும். பினாங்குக்கும் அதற்குமுள்ள தொடர்பு ஆழமானது. எலும்பை முறிப்பது போன்ற வலியோடு வருகின்ற அக்காய்ச்சலைப் பினாங்கில் கண்டு, 1902இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் எழுதியவர் ஸ்கே என்ற வைத்தியர். மலாயாவில் அந்நோயைப் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளில் ஒன்று அது. அப்போது அது எதனால் வருகிறதென்று தெரியாது. ஆஸ்திரேலியாவின் பான்கிராஃப்ட் 1906இல், பகலில் கடிக்கின்ற வரிக்கொசுவின்மேல் குற்றம் சாட்டினார். மறுவருஷம் மணிலாவில் ஆஷ்பர்ன், கிரெய்க் என்னும் இருவர், நோயாளியின் இரத்தத்தை வடிகட்டி, அந்த வடிநீரும் நோயை உண்டாக்குவதைக் காட்டி, புகையிலைச் செடியில் கண்ட அதே இனத்துச் சூக்ஷ்மப் பொருள்தான் இங்கும் இருக்கிறதென்று நிரூபித்தார்கள். ஆக, பினாங்குத் தெருக்களில் முதியோர் கைகால் முடங்கிக் கிடந்த அந்நோய், வைரஸ் என்ற கருத்து பிறந்து பத்தாண்டு ஆகுமுன்னரே அக்கருத்தினுள் வந்து சேர்ந்தது.

பல காலம் டெங்கு ஆளைக் கொல்லாத நோயாகவே எண்ணப்பட்டது. வலித்து, வாட்டி, விட்டுப் போய்விடும். 1950களில் மணிலாவிலும் பாங்காக்கிலும் குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு இரத்தக் கசிவும் கண்டு உயிருக்கே ஆபத்தாக முடியத் தொடங்கியது. 1962இல் அதே கொடிய வடிவம் மலாயாவில் முதன்முதலாகப் பினாங்கில் தலைகாட்டியது. கோலாலம்பூரின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து உழைத்த அமெரிக்க விஞ்ஞானி ஆல்பர்ட் ருட்னிக்கும் அவருடைய சகாக்களும் அதனை ஆராய்ந்து 1965இல் எழுதினார்கள். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டென்பதும், ஒரு வகையால் பீடிக்கப்பட்டுத் தேறியவனுக்கு இன்னொரு வகை வந்தால் ஆபத்து குறைவதற்குப் பதிலாக மிகலாம் என்பதும் அக்காலத்து ஆராய்ச்சிகளால் வெளியான உண்மைகள். கப்பல்கள் நாலா திசையிலிருந்தும் வந்து கலக்கும் ஒரு துறைமுக நகரத்தில், நான்கு வகையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வதைத் தடுக்க ஜெரஜாக்கைப் போன்ற ஒரு தீவுக் காவல் பயன்படுமா? பயன்படாது. டெங்கு கண்டவனைத் தொட்டாலும், அவன் அருகே உட்கார்ந்தாலும் ஒன்றும் நேராது. கொசுவைத் தேட வேண்டும்; கொசு முட்டையிடும் நீரைத் தேட வேண்டும்.

அந்த நீர் இருந்த இடங்களோ, எவரும் சந்தேகப்படாத இடங்கள். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் குறுகிய முகப்பும் நீண்ட உள்ளுமாக, நடுவில் வானம் பார்த்த முற்றத்தோடு கட்டப்பட்டவை. அம்முற்றத்தில் மழைநீர் பிடிக்கும் ஜாடிகள் இருக்கும். சமையலறை ஓரத்தில் கம்பிவலை அடித்த உணவு அலமாரி நிற்கும். எறும்பு ஏறாமலிருக்க அதன் நான்கு கால்களும் நான்கு கிண்ணத் தண்ணீரில் வைக்கப்பட்டிருக்கும். சுத்தமான அந்தக் கிண்ண நீரை வரிக்கொசு மிகவும் விரும்புகிறது. கிண்ணத்தைச் சற்றே சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், நிழல் பட்டவுடன் வளைந்து வளைந்து அடிக்கு ஓடும் சிறு புழுக்களைக் காணலாம். சிறிது நேரம் அசையாமல் பிடித்திருந்தால் மூச்செடுக்க மீண்டும் மேலே வந்து, வால் நுனியால் நீர்ப்பரப்பில் தொங்கும். வாரம் ஒருமுறை அந்நீரைக் கொட்டித் தேய்த்து மாற்றினால் போதும். முட்டை கொசுவாகப் பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் தேவைப்படுகிறபடியால், அதற்குள் தொடர் அறுந்துவிடும். 1973இல் தேசமெங்கும் டெங்கு பெருகிய அனுபவத்துக்குப் பின்னர், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் 1975இல் இயற்றப்பட்டு, கொசுப்புழு வளர இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் சுகாதார ஊழியருக்குக் கிடைத்தது. அவர் இன்று நம் வாசலுக்கு வரும்போது, நாம் எந்தக் கப்பலில் வந்தோம், எந்த வகுப்பில் வந்தோம் என்று வினவுவதில்லை. பூந்தொட்டியின் அடித்தட்டைக் குனிந்து பார்க்கிறார். ஜெரஜாக் நிலையத்திலிருந்து இந்தக் குனிதல் வரைக்கும் நடந்த தூரத்தையே இத்தீவின் பெருமையென்று நான் மதிக்கிறேன்.

எதிர்க்கரைக்குப் போவோம். சுதந்திரத் துறைமுகம் என்ற பழைய சலுகையை இழந்து வேலையில்லாத் திண்டாட்டத்தில் சிக்கியிருந்த பினாங்குக்கு, 1969 முதல் 1990 வரை முதலமைச்சராக இருந்த டாக்டர் லிம் சோங் யூ வெளிநாட்டு மின்னணு ஆலைகளை அழைத்து வந்தார். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972இல் பாயான் லெப்பாஸில் நிறுவியது. ஹியூலட் பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, பாஷ் முதலிய நிறுவனங்களும் அக்காலத்திலேயே வந்தன. கம்பங்கள் என்னும் கிராமங்களிலிருந்து மலாய்ப் பெண்களும், நகரிலிருந்து சீனப் பெண்களும், தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்களும் விடியற்காலையில் பேக்டரி பஸ்ஸில் ஏறி வந்து, உருப்பெருக்கியின்மேல் கண்ணை வைத்து, தலைமயிரைவிட மெல்லிய பொன் இழையைச் சில்லின் ஓரங்களில் ஒட்டும் வேலையை மணிக்கணக்காகச் செய்தார்கள். கண் எரிந்தது, தலை கனத்தது. 1970களின் பிற்பகுதியில் சில ஆலைகளில் பெண்கள் உருப்பெருக்கிக்குள் ஏதோ உருவங்களைக் கண்டதாக அலறி விழுந்ததும், வேலை நின்றதும், மலாய் மந்திரவாதியை அழைத்துப் பரிகாரம் செய்ததும் எழுதப்பட்ட சரித்திரம். சோர்ந்த உடம்பின் முறையீடு அது என்றே நான் கருதுகிறேன். அவர்கள் கையால் உருவான சில்லுகள் உலகெங்கும் இயந்திரங்களுக்குள் சென்று அமர்ந்தன.

அந்த இயந்திரங்களுக்கு வைரஸ் வந்தது எவ்வாறு? தன்னைத் தானே பிரதி செய்துகொள்ளும் இயந்திரம் கணித நியாயப்படி சாத்தியமே என்று ஜான் வான் நியூமன் 1940களின் முடிவிலேயே விளக்கியிருந்தார். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த பிரெட் கோஹன், 1983 நவம்பரில் ஒரு சோதனை நடத்தினார்: வேறொரு நிரலுக்குள் தன் பிரதியைச் செருகிவிடும் சிறு நிரல் ஒன்றை எழுதி, அது கணிப்பொறி முழுவதையும் எவ்வளவு விரைவில் வசப்படுத்துகிறதென்று காட்டினார். அதற்கு வைரஸ் என்ற பெயரைச் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லியனார்ட் ஏடில்மன். பொருத்தமான பெயர். அந்நிரல் தனியே கிடந்தால் உயிரற்ற எழுத்துக்களே. ஓர் இயந்திரம் அதனை ஏற்று ஓடவிட்டால், அவ்வியந்திரத்தின் சக்தியையே கொண்டு தன் பிரதியை எழுதுகிறது. புகையிலை இலையில் பெயரிங்க் கண்ட குணத்துக்கும் இதற்கும் வேற்றுமை ஒன்றே: இயற்கையின் வைரஸுக்கு ஆசிரியர் இல்லை, இதற்கு உண்டு.

ஆசிரியர் தம் பெயரையே எழுதி வைத்த வைரஸும் ஒன்று உண்டு. 1986இல் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற பாரூக் ஆல்வி சகோதரர்கள், தாங்கள் விற்ற மென்பொருளைப் பிறர் திருட்டுப் பிரதி எடுப்பதைக் கண்டறிவதற்காக எழுதிய நிரல், நெகிழ்தட்டின் தொடக்கப் பகுதியில் குடியேறி, அத்தட்டைச் செருகித் தொடங்கிய ஒவ்வோர் இயந்திரத்தின் நினைவகத்திலும் ஏறி, அடுத்துச் செருகப்படும் தட்டுக்குத் தாவியது. அதற்குள் சகோதரர்களின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும், தடுப்பூசி வேண்டுவோர் தங்களை அணுகலாம் என்ற செய்தியும் இருந்தன. பிரெய்ன் என்ற அந்த வைரஸ் கடல் கடந்து பல தேசங்களுக்கும் சென்றது. அந்நாளில் நெகிழ்தட்டு கைக்குக் கை மாறுகிற பொருள். நண்பரிடமிருந்து இரவல் வாங்கிய தட்டோடு நோயும் வந்தது. கைக்குக் கை மாறிய அம்மைப்பாலும் கைக்குக் கை மாறிய நெகிழ்தட்டும் ஒரே பாதையில்தான் சென்றன, ஒன்று காக்க, மற்றொன்று கெடுக்க. ஐந்தேகால் அங்குலத் தட்டின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அதன்மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாளை மடித்து ஒட்டிவிட்டால், இயந்திரம் அத்தட்டைப் படிக்குமே தவிர அதில் எழுதாது. அவ்வெட்டின் காரியத்தை அறிந்தவர் இரவல் கொடுத்த நண்பரைக் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. தாளை ஒட்டிவிட்டு நிம்மதியாகக் கொடுக்கலாம், வாங்கலாம். வழி தெரிந்ததும் மனிதர்மேலிருந்த சந்தேகம் கரைந்துபோகிறது என்று மேலே சொன்னேனே, அது இங்கும் அப்படியே நடந்தது. மலேசியா 1997இல் கணினிக் குற்றச் சட்டத்தை இயற்றியது. மூன்றே ஆண்டுகளுக்குப் பின், 2000 மே மாதத்தில், காதற் கடிதம் போல வந்து உலகத்துக் கணிப்பொறிகளை முடக்கிய நிரலை மணிலாவில் எழுதியவரை, அத்தகைய சட்டம் பிலிப்பைன்ஸில் அப்போது இல்லாமையால் தண்டிக்க முடியாமற் போனது.

1999ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வைரஸ் என்ற சொல்லின் சரித்திரத்தில் தனித்துக் குறிக்கத்தக்கது. 1998 செப்டம்பர் முதல் பேராக்கில் ஈப்போவைச் சுற்றியும், பிறகு நெகிரி செம்பிலானிலும், பன்றிப் பண்ணைகளில் உழைத்தவர்கள் கடும் மூளைக்காய்ச்சலால் மடிந்துகொண்டிருந்தார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் தீர்மானிக்கப்பட்டதால், ஊரெங்கும் கொசுப்புகை அடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது, மரணம் நிற்கவில்லை. பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றும் அந்நோய் ஏன் பன்றியைக் கையால் தொட்டு வேலை செய்த ஆண்களையே பற்றுகிறது, அதே கொசுக்கடிக்கு ஆளான அண்டை வீட்டார் ஏன் தப்பினார்கள் என்ற கேள்வி சிலர் மனத்தை உறுத்தியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அந்த மார்ச்சு மாதத்தில், சுங்கை நிப்பா என்ற கிராமத்து நோயாளி ஒருவரின் மாதிரியிலிருந்து அதுவரை உலகம் அறியாத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் அது வந்தது. மலேசியாவில் 105 பேர் மாண்டனர். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பல குடும்பங்களின் தொழிலே அழிந்தது. கொசுவின்மேல் செலவிட்ட மாதங்கள் பண்ணையின்மேல் செலவாகியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அதே மாதம் 26ஆம் தேதி, மெலிஸ்ஸா என்ற கணிப்பொறி வைரஸ் மின்னஞ்சல் வழியே உலகைச் சுற்றி வரத் தொடங்கியது.

சுவாவின் கண்டுபிடிப்புக்கு நிப்பா என்ற பெயர் நிலைத்தது. லாகூர்ச் சகோதரர்களின் நிரலையும் சிலர் லாகூர் வைரஸ் என்றே அழைத்தார்கள். 1987இல் எருசலேமில் காணப்பட்டது எருசலேம் வைரஸ் ஆயிற்று. ஊர்ப்பெயரை நோய்க்கு இடுவது அவ்வூர் மக்கள்மேல் பழியாக நிற்கிறது என்பதை உணர்ந்து, புதிய மனித நோய்களுக்கு இடத்தின் பெயரையோ இனத்தின் பெயரையோ சூட்டலாகாது என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2015இல் நெறிமுறை வகுத்தது. ஜெரஜாக்கின் தளப் பிரயாணிகளுக்கு அந்த நியாயம் எட்டாத தூரத்தில் இருந்தது. சுங்கை நிப்பாவுக்கும் அது பிந்தியே வந்தது. 2018 மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோட்டில் அதே காய்ச்சல் தோன்றியபோது, நெகிரி செம்பிலான் எங்கே இருக்கிறதென்று அறியாத மக்களும், நோயைத் தோற்றுவியாமல் அதனால் அடிபட்ட அந்தச் சிற்றூரின் பெயரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டார்கள்.